ஓடித் தேய்ந்த கீசகன்

தமிழ்நாட்டில் எடுக்கப்பட்ட முதல் கதைப்படம் எது என்று கேட்டால், பொது அறிவுப் புத்தகம் புரட்டிய பள்ளிப்பிள்ளைகூட 'கீசக வதம்' என்று சொல்லிவிடும். எடுத்தவர் ஆர். நடராஜ முதலியார். இடம் சென்னை, புரசைவாக்கம். ஆண்டு எது என்றால்தான் சிக்கல். ஒரு நூல் 1916 என்கிறது, இன்னொன்று 1917, மூன்றாவது 1918. படம் இப்போது எங்கே என்று கேட்டால் மட்டும் எல்லா நூல்களும் ஒத்துப்போகும்: எங்கேயும் இல்லை. ஓர் அடி பிலிம்கூட மிஞ்சவில்லை.

ஓர் அடி என்றால் எவ்வளவு என்று பார்த்துவிடுவோம். 35 மி.மீ. ஊமைப்பட பிலிமில் ஓர் அடிக்கு 16 கட்டம், அதாவது 16 தனித்தனிப் படம். கேமராவின் கைப்பிடியை விநாடிக்கு இரண்டு சுற்றுச் சுற்றினால் 16 கட்டம் ஓடும். ஆக, விநாடிக்கு ஓர் அடி. 'கீசக வதம்' 6,000 அடி நீளம் என்று பதிவாகியிருக்கிறது. கணக்குப்படி 6,000 விநாடி, அதாவது ஒரு மணி நாற்பது நிமிடம். புரொஜெக்டரையும் அந்நாளில் கையால்தான் சுற்றினார்கள். அடுத்த ஆட்டத்துக்குக் கூட்டம் வெளியே நின்றால் ஆபரேட்டரின் கை தானாக வேகம் பிடிக்கும், படம் கால் மணி முன்னாலேயே முடிந்துவிடும். எப்படி ஓட்டினாலும் மொத்தக் கட்டங்கள் 96,000.

நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது கொட்டகைக்குப் பின்னால் ஆபரேட்டர் வெட்டி எறிந்த துண்டு பிலிமைப் பொறுக்குவோம். நாலு கட்டம் கிடைத்தாலே பெரிய சொத்து. பியூஸான பல்பில் தண்ணீர் நிரப்பி, கண்ணாடியில் வெயிலைப் பிடித்து அடித்து, வேட்டியில் படம் காட்டுவோம். அந்த நாலு கட்டத்திலேயே யார் நடிகர், என்ன காட்சி என்று ஆளுக்கொரு பந்தயம் நடக்கும். 'கீசக வத'த்தின் 96,000 கட்டத்தில் அப்படி ஒரு நாலு கட்டம் கையில் கிடைத்தால் எத்தனை விஷயம் தெரிந்துவிடும் என்று நினைத்துக்கொள்வேன்.

சைக்கிள் கடையிலிருந்து சினிமாவுக்கு

நடராஜ முதலியார் வேலூர்க்காரர். பிறந்தது 1885. சென்னைக்கு வந்து உறவினர் ஒருவரோடு கூட்டுச் சேர்ந்து வாட்சன் அண்ட் கம்பெனி என்ற பெயரில் முதலில் சைக்கிள் விற்றார், பிறகு அமெரிக்க மோட்டார் கார் வியாபாரத்தில் இறங்கினார். புது இயந்திரம் எது கப்பலில் வந்து இறங்கினாலும் அதன்மேல் ஆசை வைக்கும் மனிதர் என்று தெரிகிறது. சினிமாவும் அவருக்கு முதலில் ஓர் இயந்திரமாகத்தான் கண்ணில் பட்டிருக்க வேண்டும்.

அவருக்கு முன்பே சென்னை மாகாணத்தில் படம் காட்டுவது தொழிலாகிவிட்டது. ரயில்வேயில் டிராப்ட்ஸ்மேனாக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905-இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டரையும் படங்களையும் வாங்கி, கூடாரம் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். சென்னையில் ரகுபதி வெங்கையா கெயிட்டி தியேட்டரைக் கட்டினார். ஆனால் காட்டிய படமெல்லாம் வெளியிலிருந்து வந்தது. 1913-இல் பம்பாயில் தாதாசாகேப் பால்கேயின் 'ராஜா ஹரிச்சந்திரா' வெளியான பிறகுதான், நம் கதையை நம் ஆட்களை வைத்து நாமே எடுக்கலாம் என்ற துணிச்சல் பலருக்கும் வந்தது. நடராஜ முதலியாருக்கும் அங்கேதான் பொறி தட்டியது.

கற்றுக்கொள்ள ஆள் வேண்டுமே. ஸ்டூவர்ட் ஸ்மித் என்ற ஆங்கிலேய ஒளிப்பதிவாளர் அப்போது புனேயில் இருந்தார். வைஸ்ராயாக இருந்த கர்சன் பிரபுவைப் பற்றி ஆவணப்படம் எடுத்தவர் என்பார்கள். அவரிடம் போய் கேமரா பிடிக்கக் கற்றுக்கொண்டார் முதலியார். கேமரா கிடைத்த கதைதான் எனக்கு மிகவும் பிடித்தது. தஞ்சாவூர்ப் பக்கத்து நிலக்கிழார் ஒருவரிடம் ஒரு வில்லியம்சன் கேமராவும் பிரிண்ட் போடும் இயந்திரமும் இருந்தன, 1,800 ரூபாய்க்கு வாங்கினார் என்று பதிவு சொல்கிறது. நெல் அளக்கும் வீட்டுக்குள் சினிமா கேமரா எப்படிப் புகுந்தது என்பது தனிக் கதையாக இருந்திருக்கும்.

புரசைவாக்கம் மில்லர்ஸ் ரோட்டில் 'டவர் ஹவுஸ்' என்ற வளாகத்தில் இந்தியா பிலிம் கம்பெனி தொடங்கியது. ஸ்டூடியோ என்றதும் இன்றைய ஏ.சி. அரங்கம் மனசில் வரக்கூடாது. விளக்கெல்லாம் கிடையாது, வெயில்தான் விளக்கு. நேர்வெயில் முகத்தில் விழுந்தால் மூக்குக்குக் கீழே கரிநிழல் விழும். அதனால் தலைக்குமேல் மெல்லிய வெள்ளைத் துணியைக் கட்டி, அதன் வழியே வடிந்துவரும் வெளிச்சத்தில் படமெடுத்தார்கள். மேகம் வந்தால் வேலை நிற்கும். காற்று வந்தால் துணி அடித்துக்கொள்ளும், விராட மன்னன் அரண்மனைச் சுவரில் நிழல் ஆடும்.

எடுத்த பிலிமைக் கழுவுவது அதைவிடப் பெரிய பாடு. பிலிமின் ஒரு பக்கத்தில் வெள்ளி உப்புக் கலந்த ஜெலட்டின் பூச்சு இருக்கும். கழுவும் மருந்துத் தண்ணீர் கொஞ்சம் சூடாகிவிட்டால் ஜெலட்டின் இளகும், ஓரத்தில் சுருங்கும், படம் பிலிமை விட்டு உரியும். சென்னை வெயிலில் தொட்டித் தண்ணீர் என்ன சூட்டில் இருக்கும் என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அதனால் லேபைப் பெங்களூரில் வைத்தார் முதலியார். வாரமெல்லாம் புரசைவாக்கத்தில் படப்பிடிப்பு, வாரக்கடைசியில் பிலிம் பெட்டியோடு பெங்களூர் ரயில். அங்கே கழுவிப் பார்த்துவிட்டு மறுபடி சென்னை. எடுத்த காட்சி சரியாக வந்ததா என்று தெரிந்துகொள்ள ஓர் இரவு ரயில் பயணம் வேண்டும். இப்படியே 35 நாளில் படத்தை முடித்திருக்கிறார். செலவு 35,000 ரூபாய் என்கிறார்கள். கச்சா பிலிம், அதாவது இன்னும் படம் பிடிக்காத வெற்றுப் பிலிம், எல்லாம் கப்பலில் வந்தது, அதுவும் முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில். இந்தியாவில் கச்சா பிலிம் தயாரிப்பு ஊட்டியில் தொடங்கியது 1960-களில்தான்.

ஊமைக்கு ஏற்ற கதை

கதை மகாபாரதத்தின் விராட பருவத்திலிருந்து. பாண்டவர்கள் மறைந்து வாழும் வருடம். திரௌபதி சைரந்திரி என்ற பெயரில் விராட நாட்டு அரசி சுதேஷ்ணைக்குப் பணிப்பெண். அரசியின் தம்பியும் சேனாதிபதியுமான கீசகன் அவளை நச்சரிக்கிறான். சமையற்காரனாக வேடம் போட்டிருக்கும் பீமனிடம் முறையிடுகிறாள். இரவில் நடனசாலைக்கு வரச்சொல்லிக் கீசகனை அழைக்க, இருட்டில் படுக்கையில் சேலைக்குள் காத்திருப்பது பீமன். பிறகு நடப்பது தெருக்கூத்தில் விடிய விடிய ஆடக்கூடிய சண்டை.

நாடக மேதை பம்மல் சம்பந்த முதலியாரிடமும் யோசனை கேட்டுத்தான் கதை முடிவானது என்பார்கள். யார் சொல்லியிருந்தாலும் சாமர்த்தியமான தேர்வு. வாய் பேசாத படத்துக்கு, பார்ப்பவர் மனசில் வசனம் ஏற்கெனவே இருக்க வேண்டும். திரௌபதியம்மன் கோயில் திருவிழாவில் பாரதக் கூத்துப் பார்த்து வளர்ந்த கூட்டத்துக்குக் கீசகன் யார், ஏன் சாகிறான் என்று விளக்க வேண்டியதில்லை. சேலைக்குள்ளிருந்து பீமன் எழுந்திருக்கும் அந்த ஒரு கணத்துக்காகவே காசு கொடுப்பார்கள். கீசகனாக ராஜு முதலியாரும் திரௌபதியாக ஜீவரத்தினமும் நடித்தார்கள்.

இங்கே ஓர் இடைச்செருகல். இதே கதையை 1907-இல் காடில்கர் மராத்தியில் நாடகமாகப் போட்டார். கீசகன் கர்சன் பிரபு, திரௌபதி பாரத தேசம் என்று பார்த்தவர்கள் புரிந்துகொண்டார்கள். 1910-இல் அரசு அதைத் தடை செய்தது. கர்சனைப் படமெடுத்தவரிடம் தொழில் கற்றவர், கர்சனைக் கீசகனாக்கிய கதையைப் படமெடுத்தார். முதலியார் மனசில் அரசியல் இருந்ததென்று இதை வைத்து முடிச்சுப் போட முடியாது. அவர் அடுத்தடுத்து எடுத்தவை 'திரௌபதி வஸ்திராபஹரணம்', 'லவகுசா', 'மார்க்கண்டேயா' என்று எல்லாமே புராணம்தான். ஆனாலும் படம் கையில் இருந்திருந்தால், கீசகனின் உடையையும் நடையையும் பார்த்து நாமே ஒரு முடிவுக்கு வந்திருக்கலாம்.

படம் சென்னை எல்பின்ஸ்டன் தியேட்டரில் திரையிடப்பட்டது. ஆங்கிலம், தமிழ், இந்தி மூன்றிலும் டைட்டில் கார்டு, அதாவது காட்சிகளுக்கு நடுவே வரும் எழுத்துப் பலகை. எழுத்துத் தெரிந்த ஒருவர் கார்டை உரக்கப் படிப்பதும், சுற்றி இருப்பவர்கள் கேட்டுக்கொள்வதும் அந்நாள் கொட்டகை வழக்கம். சென்னையோடு நிற்காமல் பர்மா, இலங்கை, மலேயா, சிங்கப்பூர் என்று தமிழர் போன இடமெல்லாம் படமும் போனது. 50,000 ரூபாய் வசூல், செலவு போக 15,000 லாபம். முதல் படத்துக்கு இது பெரிய வெற்றி.

என் வாதம் இதுதான்: இந்த வெற்றிதான் படத்துக்கு எமனானது.

படப்பெட்டி போகும் வழி

ஊமைப்படம் அழிந்ததற்குக் காரணம் கேட்டால் எல்லோரும் முதலில் சொல்வது தீ. பொய்யில்லை. 1950-களின் தொடக்கம் வரை 35 மி.மீ. பிலிமின் அடித்தளம் செல்லுலோஸ் நைட்ரேட். வெடிமருந்துப் பஞ்சுக்கு இது சித்தப்பா மகன். எரிவதற்கு வேண்டிய ஆக்ஸிஜன் அதன் உடம்புக்குள்ளேயே இருப்பதால், பிடித்த தீயைத் தண்ணீர் ஊற்றியும் அணைக்க முடியாது, நீருக்கடியிலும் எரியும். 1937 ஜூலையில் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் பாக்ஸ் நிறுவனத்தின் கிடங்கு எரிந்தது, அந்த நிறுவனத்தின் ஊமைப்படங்களில் பெரும்பகுதி ஒரே இரவில் போயிற்று.

ஆனால் தீ வந்தால் ஊருக்குத் தெரியும், செய்தியாகும். பெரும்பாலான படங்கள் அப்படிச் சாகவில்லை, சத்தமில்லாமல் தேய்ந்து செத்தன. ஒரு பிரிண்டின், அதாவது கொட்டகையில் ஓட்டும் பிரதியின், ஆயுளைப் பின்தொடர்ந்து பாருங்கள். முதலில் பட்டணத்து தியேட்டர், நல்ல இயந்திரம், பழகிய ஆபரேட்டர். அப்புறம் மதுரை, திருச்சி மாதிரி ஊர்கள். அப்புறம் டென்ட் கொட்டகை. மண் தரை, புழுதி, கையால் சுற்றும் பழைய புரொஜெக்டர். பிலிம் ஓரத்துத் துளையில் இயந்திரத்தின் பல் சரியாகப் பொருந்தாமல் ஓரம் கிழியும். கிழிந்த இடத்தை வெட்டி ஒட்டுவார்கள். ஒவ்வொரு ஒட்டுக்கும் நாலைந்து கட்டம் காலி. விளக்கின் சூட்டில் பிலிம் நின்றுபோனால் கருகும், அதையும் வெட்டுவார்கள். ஐந்தாறு மாதத்தில் 6,000 அடிப் படம் சுருங்கிக்கொண்டே வரும். கடைசியில் ஒரு நாள் ஓட்டவே முடியாது. அதற்குள் காசு எடுத்தாயிற்று. அந்தச் சுருளை வைத்துக்கொண்டு யார் என்ன செய்வார்கள்?

பிலிமில் வெள்ளி இருந்தது. கறுப்பு-வெள்ளைப் படத்தின் கறுப்பே வெள்ளித் துகள்தான். பழைய பிலிமைக் கரைத்து வெள்ளி எடுப்பது தனித்தொழில். இந்தியாவின் முதல் பேசும்படம் 'ஆலம் ஆரா' (1931) கூட அப்படித்தான் போனது: தயாரித்த அர்தேஷிர் இரானியின் குடும்பத்தில் கேட்டபோது, வெள்ளி எடுக்கக் கொடுத்தாயிற்று என்று பதில் வந்ததாக ஆவணக்காப்பாளர் பி.கே. நாயர் சொல்லியிருக்கிறார். பிரான்சில் ஜார்ஜ் மெலியஸின் படங்கள் முதல் உலகப் போர்க் காலத்தில் உருக்கப்பட்டு, படைவீரர்களின் காலணிக்குக் குதிகாலாயின. வேதனையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்நாளில் ஓடி முடித்த படம் யாருக்கும் கலைப்பொருள் இல்லை. போன வருடத்துப் பஞ்சாங்கம்.

ஓட்டாமல் பத்திரமாகப் பெட்டியில் வைத்தாலும் நைட்ரேட் சும்மா இருக்காது. சூடும் ஈரமும் சேர்ந்தால் உள்ளுக்குள்ளேயே சிதையும். முதலில் படம் வெளுத்து, பிலிம் மஞ்சளாகும், ஒருவித அமில நெடி வரும். அடுத்து மேற்பரப்பு பிசுபிசுக்கும், சுற்றுக்குச் சுற்று ஒட்டிக்கொள்ளும். பிறகு தேன் மாதிரி நுரைத்துக் கசியும். அப்புறம் மொத்தச் சுருளும் ஒரே கட்டியாக இறுகும். கடைசியில் டப்பாவைத் திறந்தால் உள்ளே செம்பழுப்புப் பொடி, துருப்பிடித்த இரும்பைச் சுரண்டிப் போட்ட மாதிரி. திரௌபதியும் கீசகனும் எல்லாம் அந்தப் பொடிதான். குளிர்நாட்டில் இதற்குப் பல பத்தாண்டு பிடிக்கும். சென்னைக் கோடைக்கும் ஐப்பசி மழைக்கும் நடுவே கணக்கு வேறு.

எதிர்மறைப் பிரதி, அதாவது நெகட்டிவ், இருந்தால் புதுப் பிரிண்ட் போட்டுக்கொள்ளலாம். அது தயாரிப்பாளரிடம் இருக்கும். ஆனால் முதலியாரின் ஸ்டூடியோவில் தீவிபத்து நடந்தது. மகனையும் பறிகொடுத்தார். 1923 வாக்கில் சினிமாவை விட்டே ஒதுங்கிவிட்டார். கம்பெனி போனபின் நெகட்டிவைக் காக்க யாருக்கு என்ன கவலை? 1931 அக்டோபரில் 'காளிதாஸ்' வந்து திரை பேசத் தொடங்கியதும் ஊமைப்படத்தின் கடைசி மதிப்பும் போயிற்று. அந்தக் 'காளிதா'ஸும் இன்று இல்லை என்பது வேறு விஷயம்.

இது நம் ஊர் அலட்சியம் மட்டுமல்ல. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2013-இல் வெளியிட்ட ஆய்வு, அங்கே வெளியான 10,919 ஊமைக் கதைப்படங்களில் 14 சதவீதம்தான் அசல் வடிவில் மிஞ்சியிருப்பதாகச் சொன்னது. பணமும் குளிரும் இருக்கும் நாட்டிலேயே அந்த நிலை. இந்தியாவில் எடுக்கப்பட்ட ஊமைப்படங்கள் 1,300-க்கு மேல். துண்டும் துணுக்குமாகச் சேர்த்துக் கணக்கிட்டாலும் மிஞ்சியவை முப்பதுக்குள் அடங்கும். பால்கேயின் 'ராஜா ஹரிச்சந்திரா'வின் நாலு ரீலில் முதலும் கடைசியும் மட்டும் இருக்கின்றன. அவையும் அசல்தானா, பால்கே 1917-இல் மறுபடி எடுத்த பதிப்பா என்று அறிஞர்கள் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள். தேசிய திரைப்பட ஆவணக் காப்பகம் புனேயில் தொடங்கப்பட்டது 1964-இல். ஊமைப்படக் காலம் முடிந்து முப்பது வருடம் கழித்து. சேர்த்தவற்றிலும் ஒரு பகுதி நைட்ரேட் சுருள்கள் 2003 ஜனவரியில் புனேயில் நடந்த தீவிபத்தில் போயின.

வழக்கில் பிழைத்த படம்

இனி எதிர்ப்பக்கம். தென்னிந்தியாவில் எடுத்த ஊமைக் கதைப்படங்களில் முழுதாகப் பிழைத்தது ஒன்றே ஒன்று: 'மார்த்தாண்ட வர்மா', 1933. நாகர்கோவிலைச் சேர்ந்த ஆர். சுந்தர்ராஜ் தயாரித்து, பி.வி. ராவ் இயக்கிய படம். நாகர்கோவில் அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. கதை சி.வி. ராமன் பிள்ளையின் புகழ்பெற்ற மலையாள நாவல். திருவனந்தபுரம் கேப்பிடல் தியேட்டரில் படம் வெளியானது. நாவலின் உரிமை எங்களிடம் இருக்கிறது, எங்களைக் கேட்காமல் எப்படி எடுத்தீர்கள் என்று பதிப்பாளரான கமலாலயா புக் டிப்போ நீதிமன்றம் போனது. படத்துக்குத் தடை. சில நாள் ஓடியதோடு சரி, படப்பெட்டி பதிப்பாளர் கைக்குப் போனது.

சுந்தர்ராஜுக்கு அது பேரிடி, போட்ட முதல் போனது. படத்துக்கோ அதுதான் ஆயுள் காப்பீடு. டென்ட் கொட்டகை போகவில்லை, புழுதி படவில்லை, ஒட்டுப்போடவில்லை, வெள்ளிக்காரன் கையில் சிக்கவில்லை. புத்தகக் கிடங்கில் நாற்பது வருடம் கேட்பாரற்றுக் கிடந்தது. 1974-இல் தேசிய ஆவணக் காப்பகம் அதைப் போய் எடுத்துவந்தது. இன்று தென்னிந்திய ஊமைப்படம் எப்படி இருந்தது, அரங்கம் எப்படி அமைத்தார்கள், நடிகர் எவ்வளவு தூரம் கேமராவை விட்டுத் தள்ளி நின்றார் என்று பாடம் எடுக்கும் எவரும், நீதிமன்றம் ஓடவிடாத அந்த ஒரு படத்தை வைத்தேதான் எடுக்க வேண்டியிருக்கிறது. ஓடிய படம் ஒன்றும் இல்லை. இதில் ஒரு கோணல் இருப்பதைக் கவனிக்க வேண்டும். மக்கள் பார்க்காத படத்தை வைத்து மக்கள் ரசனையைப் பற்றிப் பேசுகிறோம்.

மற்ற பிழைப்புகளும் இதே மாதிரி விபத்துகள்தான். ஹிமான்ஷு ராயின் 'லைட் ஆப் ஏஷியா', 'ஷிராஸ்' போன்றவை ஜெர்மனி, இங்கிலாந்தோடு கூட்டாக எடுத்தவை என்பதால் ஐரோப்பியக் காப்பகங்களில் தப்பின. கல்கத்தாவின் மதன் நிறுவனம் 1919-இல் வெளியிட்ட 'பில்வமங்கள்' முற்றாகப் போய்விட்டது என்றே நினைத்திருந்தார்கள். பாரிஸில் சினிமதெக் என்ற திரைப்படக் காப்பகத்தில் 594 மீட்டர் இருப்பது தெரிந்து, 2016-இல் அதன் எண்ணிமப் பிரதி புனே வந்துசேர்ந்தது. கனடாவின் டாசன் சிட்டியில் 1978-இல் கட்டுமானத்துக்கு மண் தோண்டும்போது, நிலத்தடி உறைபனியில் 533 ரீல் கிடைத்தது. திருப்பி அனுப்பக் கப்பல் கூலி கட்டுப்படியாகாததால் பள்ளம் நிரப்பப் போட்ட குப்பை அது. கடைசி நிறுத்தத்தில், மேற்கொண்டு போக வழியில்லாமல் நின்ற பெட்டி எதுவோ அதுதான் பிழைக்கிறது.

எஞ்சியவை

'கீசக வத'த்தைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி முதலியார் பிற்காலத்தில் நினைவிலிருந்து சொன்னது. அவர் 1970-களின் தொடக்கம் வரை இருந்தார். தேசிய ஆவணக் காப்பகம் தொடங்கியபோது உயிரோடு இருந்தார். தன் படம் அழிந்தபின் பல பத்தாண்டு வாழ்ந்த மனிதர் சொல்லிச் சொல்லித்தான் படம் வரலாற்றில் நிற்கிறது. நினைவுக்கு அடி, ரூபாய், ஆள் பெயர் எல்லாம் நன்றாக இருக்கும். ஆண்டுதான் வழுக்கும். நம் வீட்டுப் பெரியவர்களும் அப்படித்தானே, கல்யாணத்துக்கு வந்த நாதஸ்வரக்காரர் பெயர் சொல்வார்கள், வருடம் கேட்டால் "பெரிய புயலுக்கு முந்தின வருஷம்" என்பார்கள்.

ஆனால் அந்த நினைவுக்குள்ளேயே ஒரு துப்பு இருக்கிறது. இந்தி டைட்டில் கார்டுகளை எழுதிக் கொடுத்தவர் காந்தியின் கடைசி மகன் தேவதாஸ் காந்தி என்று சொல்வார்கள். தேவதாஸ் பிறந்தது 1900 மே மாதம். இந்தி கற்பிக்க என்று காந்தி அவரைச் சென்னைக்கு அனுப்பியது 1918-இல். தட்சிண பாரத இந்தி பிரசார சபாவின் தொடக்கமே அதுதான். 1916-இல் அவர் பதினாறு வயதுப் பையன், இருந்தது குஜராத்தில். ஆக, இரண்டில் ஒன்று. படம் 1918-இல் வெளிவந்தது; அல்லது, முதலில் ஆங்கிலமும் தமிழும் மட்டும் இருந்து, வடக்கே அனுப்பும் நேரத்தில் இந்தி கார்டு சேர்க்கப்பட்டது. எனக்கு இரண்டாவதுதான் பொருத்தமாகப் படுகிறது. டைட்டில் கார்டு தனித்தனியாக எடுத்து இடையில் ஒட்டுவதுதான். படம் வசூலான பிறகு புதுச் சந்தைக்குக் கார்டு மாற்றுவது அந்நாள் வழக்கம். பெரும்பாலான வரலாற்று நூல்கள் மூன்று மொழியையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுத் தாண்டிப் போகின்றன. நின்று கேட்டிருந்தால் ஆண்டுத் தகராறு இவ்வளவு நீண்டிருக்காது.

இனிமேல் கிடைக்குமா? ஆசை வேறு, வாய்ப்பு வேறு. படம் போன இடங்கள் ரங்கூன், கொழும்பு, பினாங்கு, சிங்கப்பூர் பக்கம். எல்லாம் புழுக்கமான ஊர்கள், இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்த ஊர்களும் உண்டு. நைட்ரேட் பிலிம் அங்கே நூறு வருடம் தாங்குவது கடினம். ஆனாலும் ஏதோ ஒரு செட்டியார் கிட்டங்கியிலோ பழைய தியேட்டர் பரணிலோ, எங்கோ வெளிநாட்டுக் காப்பகத்தில் 'இந்தியப் புராணப்படம், பெயர் தெரியவில்லை' என்று சீட்டு ஒட்டிய டப்பாவிலோ ஓரிரண்டு அடி ஒட்டிக்கொண்டிருந்தால் வியப்பில்லை. 'பில்வமங்க'ளுக்கு நடந்தது அதுதான்.

அப்படிக் கிடைத்தால் முதலில் பார்க்க வேண்டியது திரௌபதியின் முகத்தையோ பீமனின் கையையோ அல்ல, பிலிமின் ஓரத்தை. அமெரிக்காவில் உற்பத்தியான கோடாக் சுருளில், துளைகளுக்குப் பக்கத்தில், தயாரான ஆண்டைக் காட்டும் பொடிக் குறி ஒன்றை 1916 முதல் அச்சடித்தார்கள். நெகட்டிவில் இருக்கும் குறி பல சமயம் பிரிண்டிலும் நிழலாக இறங்கும். 1916 என்றால் வட்டம். 1917 என்றால் சதுரம். 1918 என்றால் முக்கோணம்.